சரக்கு வந்துசேரும் நாள்



ஒரகடம் கூட்டுச்சாலையில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்ப்போர்க்கு இவ்வுரையின் பொருள் எளிதில் விளங்கும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் அங்கே குறுக்கிடுகின்றன. மகிழுந்து ஆலைகளுக்கு உதிரிப்பாகம் சுமக்கும் லாரிகளுக்கிடையே, வீட்டு வாயிலைச் சேரவேண்டிய சிறு பொதிகளும் ஊர்ந்து செல்கின்றன. ஆலைக்குச் செல்லும் பாகம் இன்ன வேளையில் வந்தாக வேண்டும் என்ற கட்டளை உண்டு. வீட்டிற்கு வரும் பொதிக்கோ, பல இடங்களில் "விரைவில் அனுப்பப்படும்" என்னும் தொடரே துணை. விரைவில் என்பது எத்தனை நாள்?

இணையவழி விற்பனையில் இறங்கும் நம் இல்லத்தார் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. "நான்கு நாளில் கிடைக்கும்" என்று எழுதியுள்ளார் ஒருவர். வெள்ளி இரவு ஒரு பெண்மணி பணம் செலுத்துகிறார். செவ்வாயன்று புடவை வருமெனக் காத்திருக்கிறார். விற்பவர் மனத்திலோ கணக்கு வேறு. சனி, ஞாயிறு விடுமுறை. பொதி கட்ட இரண்டு வேலை நாள். அதன்பின் பயணத்திற்கு நான்கு வேலை நாள். ஆக, புடவை சேர்வது அடுத்த திங்களன்று. இடையில் தீபாவளி வந்து போயிருந்தால் அப்புடவையால் அவருக்கு என்ன பயன்? இங்கே எவரும் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் ஒருவர் ஏமாந்தார். பொதி கட்டும் நாளையும் பயண நாளையும் பிரித்தெழுதி, வேலை நாள் எவை என்றும் குறித்திருந்தால் இவ்வருத்தம் நேர்ந்திராது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 இத்தனை நாளில் அனுப்புக என்று வரையறுக்கவில்லை. ஆனால், விற்பவர் தாமே குறித்த காலத்தைக் கடந்து பொருள் சேருமாயின், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுத்தல் கூடாது என்கின்றன. எழுதிய நாளே எழுதியவரைக் கட்டுகிறது! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியதுபோன்ற தடுக்கவியலா இடர் நேர்ந்து, அதனால் தாமதமானால் மட்டும் விலக்குண்டு. ஆள் வரவில்லை என்பது அவ்வகையில் சேராது.

அனுப்புக் கூலி, வரி உள்ளிட்ட மொத்த விலையைப் பிரித்துக் காட்டுவதும் கடமையே. முறையீடு வந்தால் 48 மணி நேரத்திற்குள் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். வாங்குவோர்க்கும் ஒரு சொல்: மறுமொழி வாராவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.