வீடும் கிணறும்

யாழ்ப்பாண நகரில் வீடு வாங்க விழைவோர் தெருவையும் விலையையும் முதலில் வினவுவர். கிணற்றை இறுதியிலேயே எட்டிப் பார்ப்பர். இம்முறை மாறுதல் நன்று.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையுட் புகுந்த மழைநீரே, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து கிணறுகளுக்கு வருகின்றது. கடனீரேரியை அடுத்த குருநகர், நாவாந்துறைப் பக்கங்களில் பெரும்பாலும் உவர் மிகும். உள்ளே திருநெல்வேலி, கோண்டாவிற் பக்கங்களில் நன்னீர் கிடைக்கும்.

மாரி கழிந்த தை மாதத்தில் உவர்ப்புக் குறைந்து தோன்றும்; ஆவணிக் கோடையிற் சுவைத்தாலே உண்மை புலப்படும். அயல் மலசலகூடக் குழியினின்று கசியும் நைத்திரேற்றையோ நாவு அறியாது. அது லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சினால் பச்சிளங் குழந்தைக்குக் கேடு. ஆகவே, ஆய்வுகூடச் சோதனை வேண்டும்.

சுவரைப் பின்னர் திருத்தலாம். கிணற்றைத் திருத்துதல் அரிது.