புதியதும் பழையதும்



ஓசூர் பிரவுசிங் சென்டர்களில் பொழுதைக் கழித்து வளர்ந்தவர்களிடம் வைஸ் சிட்டி என்ற வீடியோ கேமைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2002-இல் வந்தது. (நல்ல விளையாட்டு என்று நாம் இங்கே சான்று தரவில்லை.) 2021 அக்டோபரில் ராக்ஸ்டார் நிறுவனம் அதையும் அதோடு சேர்ந்த வேறு இரண்டையும் இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. மெருகேற்றிய பதிப்பு வருகிறது, பழையது எதற்கு என்ற எண்ணம். நவம்பர் 11-இல் புதியது வந்தது. முகங்கள் கோணல்மாணல், மழை பெய்தால் பாதையே தெரியவில்லை. எட்டே நாளில் மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்புகளைத் தன் கடையில் திரும்ப வைப்பதாக அறிவித்தது.

மத்தேயு 13-இல் ஆண்டவர் காட்டும் வீட்டுக்காரர் கருவூலத்திலிருந்து புதியதையும் எடுக்கிறார், பழையதையும் எடுக்கிறார். நம் சிப்காட்டில் நாம் என்ன செய்கிறோம்? புது மெஷின் இறங்கிய மாதமே, இருபது வருடம் லேத்தில் நின்றவருக்குக் கணக்கு முடித்துவிடுகிறோம். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லுகிறவர் அவர். இப்போது பாகலூர் சாலையில் டீக்கடை வைத்திருக்கிறார். மெஷின் நின்றுபோனால் சூப்பர்வைசர் அவரிடம்தான் ஓடி வருகிறார், டீ குடிக்க வந்தவர் போல.