அபூர்வம் என்பது எதில் இருக்கிறது?

அலக்டைட் என்றொரு கனிமம் இருக்கிறது. சுவீடன் நாட்டின் நார்ட்மார்க் சுரங்கத்தில் கிடைத்த இதை 1884-இல் முதன்முதலாக விவரித்தார்கள். மாங்கனீசு, ஆர்சனிக், ஆக்சிஜன், ஹைட்ரஜன் நான்கும் சேர்ந்தது இது. கத்தியால் கீறிவிடலாம், அவ்வளவுதான் கடினம். ஆனால் நுண்ணோக்கியில் முனைவாக்கிய ஒளியில் பார்த்தால், படிகத்தின் திசைக்கேற்ப ரத்தச் சிவப்பாகவும் வெளிர் மஞ்சளாகவும் கடல் பச்சையாகவும் தெரியும். இது கிடைக்கும் இடங்களோ மிகச் சில. சுவீடனின் லோங்பான், அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஸ்டெர்லிங் ஹில் ஆகியவை அவற்றுள் பேர்பெற்றவை.

மாங்கனீசு பூமியில் தாராளமாகக் கிடைக்கிறதே, ஆர்சனிக்கும் பல சுரங்கங்களில் உண்டே, பிறகு ஏன் இந்தப் பஞ்சம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பொருள் இருந்தால் மட்டும் போதாது, சூழலும் கூடிவர வேண்டும். கந்தகம் பக்கத்தில் இருந்தால் ஆர்சனிக் பெரும்பாலும் அதோடும் இரும்போடும் போய்ச் சேர்ந்துவிடும். கந்தகம் குறைந்து, ஆக்சிஜன் மிகுந்து, மாங்கனீசு செறிந்த பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய இடத்தில்தான் அலக்டைட்டுக்கு வாய்ப்பு. லோங்பானும் ஸ்டெர்லிங் ஹில்லும் அப்படிப்பட்ட இடங்களே. அதனால்தான் வேறெங்கும் காணாத கனிமங்கள் பல அங்கே குவிந்து கிடக்கின்றன.

அலக்டைட்டை உருக்கி யாரும் உலோகம் எடுப்பதில்லை, பிறகென்ன பயன் என்பாரும் உண்டு. சாதாரணக் கனிமம் எங்கும் உருவாகும்; அதனால் தான் பிறந்த சூழலைப் பற்றி அது சொல்வது கொஞ்சம். அபூர்வக் கனிமமோ குறிப்பிட்ட சூழலில் மட்டுமே உருவாகும். எனவே பாறையின் பழைய வரலாற்றுக்கு அதுவே உறுதியான சாட்சி. விலையை வைத்து மட்டும் கல்லை மதிப்பிடுவது சரியல்ல.