டபுள் எல்லோ



அரக்கோணத்திலிருந்து சென்னைக்குக் காலை ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் பேச்சில் இப்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "ஏஐ வந்துடுச்சே, நம்ம வேலை நிக்குமா?" கணக்கு எழுதுகிறவர் கேட்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவரும் கேட்கிறார். பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று தவிக்கிற தாய்மார்களுக்குக் கவலை இன்னும் அதிகம். பத்து வருஷம் கழித்து எந்த வேலைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று இன்றைக்கு யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

தெரியாத ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு நிதானமாக நடப்பது எப்படி? இதைக் கற்றுக்கொள்ள நாம் ஊரைத் தாண்ட வேண்டாம். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. அது நம் அரக்கோணம் வழியாகத்தான் போகிறது. இங்கே பல வீடுகளில் இரண்டு, மூன்று தலைமுறையாக ரயில்வே சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவர் இருக்கிறார். "கும்மிருட்டு, கொட்டுற மழை, முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது. பயமா இருக்காதாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். "பாதை முழுக்க எனக்கு எதுக்குப்பா தெரியணும்? அடுத்த சிக்னல் தெரிஞ்சா போதும்" என்றார்.

பச்சை என்றால் போகலாம். இரண்டு மஞ்சள், ரயில் ஓட்டுநர்கள் பாஷையில் டபுள் எல்லோ, விழுந்தால் அடுத்த சிக்னலுக்குள் வேகத்தைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும். மஞ்சள் ஏன் விழுந்தது, முன்னால் எந்த வண்டி நிற்கிறது, எவ்வளவு நேரம் ஆகும், எதுவும் விளக்கைப் பார்த்துத் தெரியாது. தெரியாவிட்டாலும் கை என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும்.

அவர் சொன்னதில் எனக்கு மனதில் பதிந்தது இன்னொன்று. சிக்னல் கண்ணில் பட்டதும் ஒருவர் கையை நீட்டி "டபுள் எல்லோ" என்று உரக்கச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் உதவி பைலட்டும் தன் கண்ணால் பார்த்துவிட்டு "டபுள் எல்லோ" என்பார். முப்பது வருஷ அனுபவம் இருந்தாலும் இதில் விலக்கு கிடையாது. ரயில் விபத்தின் வலி எங்களுக்குத் தெரியும். 2011 செப்டம்பர் 13 இரவு, பக்கத்துச் சித்தேரியில் நின்றிருந்த பயணிகள் ரயில் மேல் பின்னால் வந்த ரயில் மோதி உயிர்கள் போயின. இந்தப் பக்கத்து மனிதர்களுக்குச் சிக்னல் என்பது வெறும் விளக்கு அல்ல.

ஏஐ பற்றி எனக்கிருக்கும் கவலை இங்கேதான் வருகிறது. இதுவரை படித்த கோடிக்கணக்கான வரிகளை வைத்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்துத்தான் அது பதில் எழுதுகிறது. சரியான பதிலையும் தவறான பதிலையும் பெரும்பாலும் ஒரே தெம்போடு சொல்லும். மஞ்சள் விழ வேண்டிய இடத்திலும் பச்சையே எரிகிற மாதிரி. மருந்தின் அளவோ, பட்டா விவரமோ, பிள்ளையின் படிப்போ, அந்தப் பச்சையை மட்டும் நம்பி வண்டியை விடக் கூடாது.

இனி வேலைக் கவலைக்கு வருவோம். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியனையும் நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. வெள்ளத்தில் மூழ்கியதோ சென்னை. புயல் எங்கே போகும் என்று முழுதாகத் தெரிந்த பிறகுதான் ரப்பர் படகை எடுப்போம் என்று மீட்புப் படை காத்திருக்க முடியுமா? எந்தப் பக்கம் போனாலும் உதவும் பயிற்சியை அவர்கள் வெயில் காலத்திலேயே செய்து வைக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். தெளிவாக எழுத, கணக்கைச் சரிபார்க்க, எதிரே இருப்பவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க வரட்டும். எந்த வேலைக்குப் போனாலும் அது உடன் வரும்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஏதாவது முக்கியமான விஷயத்துக்கு ஏஐ தரும் பதிலை, வீட்டில் இன்னொருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவரும் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும். அதற்குப் பிறகு வண்டியை எடுங்கள்.