பாக்டீரியா கொடுத்த புரதம்

ஐப்பசியில் வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் போனால் சாலைக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம்தான். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அதில் பெரும்பகுதி மானாவாரி. இளம்பயிரில் மழை கொஞ்சம் தள்ளிப்போனால் செடி சமாளித்துக்கொள்ளும். பூவெடுக்கும்போது காய்ந்தால்தான் வினை. உச்சியில் ஆண் பூ மகரந்தத்தை உதிர்த்து முடித்திருக்கும், கதிரின் பட்டுநூலோ வெளியே வராமல் பின்தங்கும். அறுவடையில் உரித்துப் பார்த்தால் பாதிக் கதிர் பொக்கை.

இந்த வறட்சியைத் தாங்கவைக்க மரபணு வழியிலும் முயன்றிருக்கிறார்கள். ஆனால் செடிக்குள் மரபணு இருந்தால் மட்டும் வேலை நடந்துவிடாது. அதன் செய்தி ஆர்.என்.ஏ. இழையாகப் படியெடுக்கப்பட வேண்டும்; ரைபோசோம் அந்த இழையை வாசித்துப் புரதம் செய்ய வேண்டும். கடுங்குளிரில் இழை தன்மேலேயே மடிந்து, ஊசியில் கோத்த நூல்போல முறுக்கிச் சிக்காகிவிடும். வாசிப்பு தடைபடும்.

இதற்குப் பாக்டீரியாக்களிடம் ஒரு கைமருந்து இருக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸ், அதாவது பூஞ்சை நோய்க்காக விதைநேர்த்தியில் கலக்கிறோமே, அதேதான். குளிர் தாக்கினால் சி.எஸ்.பி.பி. என்ற புரதத்தை அது ஏராளமாகச் செய்கிறது. 67 அமினோ அமிலங்களே கொண்ட பொடிப் புரதம். அது ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொண்டு சிக்கு விழாமல் பார்த்துக்கொள்கிறது.

மான்சான்டோ என்ற விதை நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இந்தப் புரதத்துக்கான மரபணுவை மக்காச்சோளத்தில் சேர்த்தார்கள். குளிருக்கு வந்த புரதம் வறட்சியிலும் கைகொடுத்தது என்று 2008-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 2011-ல் அனுமதி, 2013-ல் விதை விற்பனை. ஆனால் வழக்கமான ரகங்களிலேயே இதே அளவு வறட்சி தாங்குபவை உண்டு என்று அந்நாட்டு வேளாண் துறையின் மதிப்பீடே சொன்னது. இதோடு பூச்சி எதிர்ப்பையும் சேர்த்த விதையைத் தென்னாப்பிரிக்கா 2018-ல் நிராகரித்தது. பலனைக் காட்டும் தரவு போதவில்லையாம். நம் நாட்டில் இந்த மக்காச்சோளத்துக்கு அனுமதியில்லை. 2002 முதல் நம் விவசாயிகள் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்திதான்.

இந்த மக்காச்சோளத்தின் பலன் சுமாராக இருந்ததில் எனக்கு வியப்பில்லை. தண்ணீர் குறைந்தால் செடி நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வாசிப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறது. அத்தனைக்கும் ஒரு பொடிப் புரதம் ஈடுகொடுக்குமா? ஆனால் புரதத்தைப் பற்றிய அறிவு வீண்போகவில்லை. இதன் உறவுக்காரப் புரதங்கள் கோதுமையிலும் நெல்லிலும் இயல்பாகவே இருக்கின்றன. கோதுமையில் உள்ளது குளிரில் பெருகுவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். சொந்தச் சரக்கு வலுவாக உள்ள ரகங்களைத் தேடிப்பிடித்து ஒட்டுச் சேர்த்தால், வெளியிலிருந்து மரபணு எதையும் கொண்டுவரத் தேவையில்லை.