ஏட்டில் உள்ள நலம் வீட்டுக்கும் வரவேண்டும்
(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



தமிழுக்குப் பரிசு உண்டு, கணக்குக்குப் பரிசு உண்டு, ஓட்டப் பந்தயத்துக்கும் உண்டு. நலக்கல்விக்கு மட்டும் பரிசு கிடையாது. அந்தப் பாடத்தைப் பற்றித்தான் நாலு வார்த்தை பேச வந்திருக்கிறேன்.

1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அவர் சதுப்பு நீரை வடியச் செய்தார், மலேரியா தணிந்தது. பிறகு ரப்பர் தோட்டங்களிலும் அந்த வேலை நடந்தது. நம் பாட்டன் பூட்டனை வாட்டிய நோய் தேங்கிய நீரிலிருந்து வந்தது. கால்வாய் வெட்டிக் குறைத்தார்கள். இன்று நம்மை அரிக்கும் இனிப்புநீர் வியாதியோ நம் கோப்பைக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு எந்தத் துரை வந்து கால்வாய் வெட்டுவார்?

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். மலேசியாவில் பெரியவர்கள் நூறு பேரில் 18 பேருக்கு இந்த நோய். இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேர்! கண் மங்குவதும், சிறுநீரகம் கெடுவதும், காலை எடுப்பதும் நம் வீடுகளில் புதிய செய்தியா? சுவர் இருந்தால்தானே சித்திரம் வரைய முடியும்?

ஆகவே நலக்கல்வி சோதனைக்கு மனனம் செய்யும் பாடமாக இருக்கக்கூடாது. வயதுக்கு ஏற்றபடி, பிள்ளை வீட்டில் செய்துகாட்டும் வேலையாக அமையவேண்டும்.

ஒன்றாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் சவர்க்காரம் போட்டு 20 வினாடி கை கழுவட்டும். படுக்கப் போகுமுன் பல் துலக்கட்டும். தன் உடம்பைத் தகாதபடி யாராவது தொட்டால், "வேண்டாம்" என்று கத்தி, ஓடிவந்து சொல்லவும் பழகட்டும்.

மூன்றாம், நான்காம் ஆண்டில் கணக்கையும் நலத்தையும் சேர்க்கலாம். பான டின்னில் 100 மில்லிக்கு 10 கிராம் சீனி என்று போட்டிருந்தால், 325 மில்லி டின்னில் எவ்வளவு? 32 கிராமுக்கும் மேல். அதாவது எட்டுத் தேக்கரண்டி! பிள்ளையே கணக்குப் போட்டு, எட்டுக் கரண்டியையும் மேசையில் கொட்டிப் பார்த்தால் மறக்காது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை பூச்சாடித் தட்டையும் பழைய டயரையும் கவிழ்ப்பது இவர்கள் வேலை.

ஐந்தாம், ஆறாம் ஆண்டில் பருவ மாற்றத்தைச் சொல்லத்தான் வேண்டும். "சின்னப் பிள்ளைகிட்ட அதெல்லாம் ஏன் சார் பேசணும்?" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். அம்மா, பத்துப் பதினொரு வயதிலேயே பெண் பிள்ளை பெரியவளாகிவிடுகிறாள். சடங்குக்கு மண்டபம் பார்க்கிறோம். அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிடுகிறோம். பள்ளிக் கழிவறையில் தனியாக நின்று, தனக்கு ஏதோ நோய் என்று அவள் அழவேண்டுமா? ஆண் பிள்ளைக்கும் இதைச் சொல்லுங்கள், கேலி செய்யமாட்டான். சிகரெட், வேப், சம்சு எது நீட்டினாலும் மறுக்கவும் இந்த வயதிலேயே பழக்கவேண்டும்.

ஆசிரியர் மட்டும் சொன்னால் போதுமா? வகுப்பில் சீனியைக் குறை என்று பாடம். சிற்றுண்டிச்சாலையில் சிவப்புச் சர்பத்து! பிள்ளை எதை நம்பும்? "சிகரெட் கெடுதல்" என்று எழுதிய பிள்ளையையே கடைக்கு அனுப்பிச் சிகரெட் வாங்கிவரச் சொல்லலாமா, ஐயா? நாளைக் காலைப் பசியாறும்போது உங்கள் கோப்பியில் ஒரு கரண்டி சீனியைக் குறையுங்கள். பிள்ளை பார்க்கும்படி குறையுங்கள். அதுதான் பெரிய பாடம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இந்த மேசையில் இன்னுமொரு சிறிய கிண்ணம் இருக்கட்டும். வீட்டில் நலப் பழக்கங்களைச் செய்துகாட்டிய வகுப்புக்கு அதைக் கொடுங்கள்.

இன்று பரிசு பெறும் செல்வங்கள் பேரப்பிள்ளைகளோடும் ஓடி விளையாட வேண்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன்.