கறிவேப்பிலைச் செடியின் விருந்தாளி



கறிவேப்பிலை பறிக்கப் போகும்போது, இலையின் மேல் காகத்தின் எச்சம் போல ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் நின்று கவனியுங்கள். அது மெல்ல நகரும், இலையின் ஓரத்தைக் கொறிக்கும். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. ஆங்கிலத்தில் காமன் மார்மன் என்பார்கள். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை வெப்ப நாடுகளில் பரவி வாழ்கிறது. மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் நிறையத் தென்படும்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். அந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் தாய்ப்பூச்சி முட்டையிடும். இலையில் அமர்ந்து முன்னங்கால்களால் தட்டிப் பார்க்கும். சுவையறியும் உறுப்புகள் அந்தக் கால்களில் இருக்கின்றன. தன் பிள்ளை தின்னக்கூடிய இலைதான் என்று தெரிந்த பிறகே, இளம்மஞ்சள் நிறத்தில் உருண்டையான முட்டையை ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும்.

சில நாளில் புழு வெளிவரும். ஐந்து பருவங்களாக வளரும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தோலை உரிக்கும். முதல் பருவங்களில் எச்சம் போன்ற தோற்றம் அதைப் பறவைகளிடமிருந்து காக்கிறது. கடைசிப் பருவத்தில் உடல் பெருத்துவிடும், அந்த வேடம் எடுபடாது. அப்போது இலைப்பச்சை நிறத்துக்கு மாறிவிடுகிறது. தொட்டுச் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிளந்த சிவந்த கொம்பை நீட்டும். அதிலிருந்து நெடியும் கிளம்பும். எறும்பும் சிலந்தியும் விலகிப் போக அது போதும்.

பிறகு ஒரு குச்சியில் வாலை ஒட்டி, இடுப்பில் பட்டுநூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகிறது. பச்சைச் சூழலில் பச்சையாகவும் காய்ந்த சூழலில் பழுப்பாகவும் அமையும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கூட்டைப் பிளந்துகொண்டு வண்ணத்துப்பூச்சி வருகிறது.

ஆணின் இறக்கை கறுப்பு. பின்னிறக்கையின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக ஓடும். பெண்ணுக்கோ நம் பகுதியில் மூன்று தோற்றங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்றொன்று காமன் ரோஸ் என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியை ஒத்திருக்கும். மூன்றாவது கிரிம்சன் ரோஸ் என்ற இனத்தை ஒத்திருக்கும். அந்த இரண்டு இனங்களும் புழுப்பருவத்தில் ஆடுதீண்டாப்பாளை போன்ற செடிகளைத் தின்று, அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்து வைப்பவை. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி அந்த நிறத்தின் பக்கம் போகாது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி, அந்தத் தோற்றத்தால் தப்பிக்கிறது. அடையாளம் காண உடலைப் பாருங்கள்: ரோஸ் இனங்களின் உடலில் சிவப்பு இருக்கும், இதன் உடல் கறுப்பு.

ஒரே இனத்தில் பெண்களுக்கு மட்டும் இத்தனை தோற்றம் ஏன் என்று இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865-லேயே எழுதினார். எந்த மரபணு இதை ஆள்கிறது என்பது 2014-ல் தெரியவந்தது. பெங்களூரு ஆய்வாளர் கிருஷ்ணமேக் குந்தேயும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து கண்டறிந்தார்கள். பூச்சிகளில் ஆண் பெண் உடலமைப்பை வகுக்கும் டபுள்செக்ஸ் என்ற மரபணுவே இங்கே பெண்ணின் இறக்கைக் கோலத்தையும் தீர்மானிக்கிறது.

நேயர்களே, இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நஞ்சுள்ள ரோஸ் பூச்சிகள் ஊரில் நிறைய இருந்தால்தான் பறவைகள் அந்த நிறத்துக்கு அஞ்சும். அவை குறைந்தால் போலித் தோற்றத்துக்கும் மதிப்புக் குறையும். ஆகவே நம் கொல்லையில் பிறக்கும் பூச்சியின் பாதுகாப்பு, வயல் வரப்பிலும் தரிசிலும் படர்ந்திருக்கும் ஆடுதீண்டாப்பாளையையும் நம்பியிருக்கிறது. களை என்று அதை அடியோடு அழித்துவிடாதீர்கள்.

வீட்டுச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். சமையலுக்குப் போக இரண்டு கிளையைப் புழுவுக்கு விட்டுவையுங்கள். செடி மறுபடி தளிர்க்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டு முட்டையையும் புழுவையும் கூட்டையும் காட்டுங்கள். எந்தப் பூச்சி எந்தச் செடியை நம்பி வாழ்கிறது என்று தெரிந்த பிள்ளை, ஒரு செடியைப் பிடுங்கும் முன் யோசிக்கும்.